தத்தெடுத்த ஆண் நாய் வீட்டுக்குள் கால் தூக்கினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

முத்து எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சாயங்காலமே நான்கு இடத்தில் கால் தூக்கினான். கட்டில் கால், ஃபிரிட்ஜ் ஓரம், சமையலறை வாசலில் இருந்த 20 லிட்டர் தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர். நாட்டு நாய், 17 கிலோ. வயது நான்கு இருக்கும் என்றார்கள் காப்பகத்தில். மனிதர்களிடம் அவ்வளவு பாசம். அம்மாதான் கலங்கிப்போனார். "பூஜை ரூம் பக்கம் போயிட்டான்னா என்னடா பண்றது?" என்றார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. ஆறு வாரத்தில் நின்றது. அதற்குப் பிறகு வளர்ந்த ஆண் நாய்கள் பலவற்றை, நிரந்தர வீடு கிடைக்கும்வரை, நாங்கள் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஏறக்குறைய எல்லோரும் இதே வேலையைச் செய்தார்கள். ஆனால் எல்லோரும் ஒரே காரணத்துக்காகச் செய்யவில்லை.

கட்டில் காலில் ஒரு ஸ்பூன் அளவு தெளிப்பவனும், ஹால் நடுவில் டம்ளர் கணக்கில் விடுபவனும் வேறு வேறு. முதலாமவன் தன் வாசனையைப் பதிக்கிறான், இதைத்தான் மார்க்கிங் என்கிறோம். இரண்டாமவனுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை, அல்லது அடக்க முடியவில்லை. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் எதைச் செய்தாலும் நாள்தான் வீணாகும்.

அதனால் முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள், நிற்கும்வரை விடாதீர்கள். நான் கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்: மணி, இடம், ஸ்பூன் அளவா டம்ளர் அளவா, கால் தூக்கினானா உட்கார்ந்தானா, அதற்குச் சற்று முன் வீட்டில் என்ன நடந்தது. முடிச்சை அவிழ்ப்பது பெரும்பாலும் கடைசி விவரம்தான்.

அறிகுறி: அடிக்கடி முயற்சி செய்கிறான், சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது

காத்திருக்க முடியாத விஷயம் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். ஆண் நாயின் குறிக்குள் ஓர் எலும்பு உண்டு. சிறுநீர்ப்பையில் உருவான கல் இறங்கி வரும்போது, அந்த எலும்பை ஒட்டிக் குழாய் குறுகும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். நாய் திரும்பத் திரும்பக் கால் தூக்கும், முக்கும், குறியை நக்கிக்கொண்டே இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் வெறும் மார்க்கிங் போலத்தான் தெரியும். கால் தூக்கியும் எதுவும் வரவில்லை, வயிறு இறுகியிருக்கிறது, வாந்தி எடுக்கிறான் என்றால் இரவு எத்தனை மணியானாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முழுவதும் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து.

சிறுநீரில் ரத்தம், கடும் நாற்றம், வலியில் முனகல் இருந்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். கருத்தடை ஆகாத, ஐந்து ஆறு வயதைத் தாண்டிய நாய் என்றால் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்போது குறி நுனியில் ரத்தச் சொட்டு தெரியும், மலம் தட்டையாக வரும்.

சிறுநீர் மாதிரி பிடிப்பது கஷ்டம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு பழைய குழிக்கரண்டியை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, ஒரு குச்சியில் கட்டிக்கொள்ளுங்கள். காலையில் முதல் முறை கால் தூக்கும்போது, பாதி போன பிறகு பக்கவாட்டிலிருந்து நீட்டினால் போதும். சுத்தமான டப்பாவில் ஊற்றி உடனே கொண்டுபோங்கள். தாமதமாகும் என்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அறிகுறி: தரை நடுவில் பெரிய குளம், டம்ளர் கணக்கில்

இது மார்க்கிங் அல்ல. இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, அவனுக்கு வீட்டுப் பழக்கம் இல்லை. காப்பகக் கூண்டிலும் தெருவிலும் வளர்ந்தவனுக்கு டைல்ஸ் தரையும் சிமெண்ட் தரையும் ஒன்றுதான். வயது நான்கு ஆனாலும் குட்டிக்குச் சொல்லித்தருவதுபோலத்தான் சொல்லித்தர வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், படுக்கப்போகும் முன்பும் வெளியே கூட்டிப்போங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு ஆறு தடவை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போய் முடித்த அந்த நொடியிலேயே, வீட்டுக்கு வந்த பிறகல்ல, ஒரு துண்டு அவித்த கோழியோ பிஸ்கட்டோ கொடுங்கள்.

இன்னொன்று உடம்பு. ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து கிண்ணத்தை நிரப்பி, ஒரு நாளில் எவ்வளவு குடிக்கிறான் என்று பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் போனால், அதாவது 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, ஹார்மோன் கோளாறு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். காப்பகத்தில் சொறிக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தாலும் தாகமும் சிறுநீரும் கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். தரை நனைகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைப்பது மட்டும் கூடவே கூடாது. நம் ஊர் வெயிலில் அது கொடுமை.

அறிகுறி: கொஞ்சமாக, நிமிர்ந்து நிற்கும் பொருள்கள்மேல், பல இடத்தில்

இதுதான் அசல் மார்க்கிங். முகர்வான், பொருளுக்குப் பக்கவாட்டில் திரும்புவான், பின்னங்கால் எழும்பும். முகர்வதற்கும் கால் எழும்புவதற்கும் நடுவில் இரண்டு மூன்று நொடி இருக்கிறது. நமக்கு வேண்டியது அந்த நொடிகள்தான்.

முதல் இரண்டு வாரம் அவன் வீட்டுக்குள் தனியாக உலாவவே வேண்டாம். ஆறு அடி லீஷை உங்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் சமைக்கும்போது சமையலறை வாசலில் படுத்திருப்பான், லேப்டாப்பில் உட்கார்ந்தால் காலடியில் இருப்பான். நான் அப்படித்தான் பன்னிரண்டு நாள் இருந்தேன். அவன் முகர்ந்து பக்கவாட்டில் திரும்புவது இடுப்பில் இழுப்பாகத் தெரியும். "முத்து, வா" என்று சாதாரணக் குரலில் கூப்பிட்டு, பேசிக்கொண்டே வாசலுக்கு நடந்துவிடுவேன். வெளியே போனதும் கால் தூக்கினால் பாராட்டு. தூக்காவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, திரும்பி வந்துவிடலாம்.

கவனிக்க முடியாத நேரத்தில் சின்ன இடம் போதும். ஒரு அறையின் ஒரு பகுதி, அவன் பாய், தண்ணீர், மெல்ல ஏதாவது ஒன்று. சாப்பிடும் இடத்திலும் படுக்கும் இடத்திலும் பெரும்பாலான நாய்கள் கால் தூக்குவதில்லை. இதையே திருப்பியும் பயன்படுத்தலாம். முத்து விடாமல் குறிவைத்தது ஃபிரிட்ஜ் ஓரத்தை. அதை நன்றாகக் கழுவிவிட்டு, இரண்டு வேளைச் சாப்பாட்டையும் அங்கேயே வைக்க ஆரம்பித்தோம். நான்காம் நாளுக்குப் பிறகு அந்த இடத்தை அவன் தொடவில்லை.

கத்துவது, அடிப்பது, மூக்கைக் கொண்டுபோய்த் தேய்ப்பது வேண்டாம். இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அடி வாங்கியவன் "வீட்டுக்குள் போகக்கூடாது" என்று கற்றுக்கொள்வதில்லை, "இவர் பார்க்கும்போது போகக்கூடாது" என்றுதான் கற்றுக்கொள்கிறான். பிறகு சோஃபாவுக்குப் பின்னால் போவான். வெளியே நீங்கள் லீஷைப் பிடித்து நிற்கும்போதும் போகமாட்டான். இப்படிக் கெட்டுப்போனதைச் சரிசெய்ய மாதக்கணக்கு ஆகும்.

வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்லி பேண்ட் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. துணிப் பட்டைக்குள் சானிட்டரி நாப்கின் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். இரண்டு விரல் நுழையும் தளர்வில் கட்டுங்கள், இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம் கழற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் நாள் முழுக்கக் கட்டி வைத்தால் புண்ணாகும். அது சோஃபாவைக் காப்பாற்றும். பழக்கத்தை மாற்றாது.

அறிகுறி: துடைத்த இடத்திலேயே மறுபடியும்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள், அதுவும் நிறைய உழைத்துவிட்டு. பினாயில் போட்டுத் துடைத்தால் நம் மூக்குக்குப் பினாயில்தான் தெரியும். நாயின் மூக்குக்குப் பினாயிலும் தெரியும், அதற்கு அடியில் சிறுநீரும் தெரியும். அதில் இருக்கும் யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதாகக் கரையாது. காய்ந்து படிகமாக ஒட்டிக்கொண்டு, ஈரக்காற்று பட்டதும் மறுபடி மணக்கும். மழைக்காலத்தில் பழைய இடங்கள் திடீரென்று நாறுவது இதனால்தான்.

இதை உடைக்க என்சைம் உள்ள கிளீனர் வேண்டும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு இப்படிச் செய்யுங்கள்:

1. ஈரத்தைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும்.
2. முன்பு பினாயிலோ வேறு எதுவுமோ போட்டிருந்தால், வெறும் தண்ணீரால் இரண்டு முறை அலசுங்கள். கிருமிநாசினி மிச்சமிருந்தால் என்சைம் வேலை செய்யாது.
3. கறை தெரியும் இடத்தைவிடப் பெரிய வட்டத்துக்குக் கிளீனரை ஊற்றுங்கள்.
4. மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி, லேபிளில் சொன்ன நேரம் வரை, குறைந்தது கால் மணி நேரம், அப்படியே விடுங்கள். என்சைம் ஈரத்தில்தான் வேலை செய்யும். ஃபேனுக்கு அடியில் திறந்து விட்டால் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும்.

கிளீனர் கிடைக்கவில்லை என்றால், என்சைம் சேர்த்த சலவைத்தூள் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாக அலசி, காய்ந்ததும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் லேசாகத் துடைக்கலாம். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வேண்டாம். வினிகரை மார்பிள், கடப்பாக்கல், மொசைக் தரையில் ஊற்றாதீர்கள். சுண்ணாம்புச் சத்துள்ள கல் அரித்துப் பளபளப்பு போய்விடும். ப்ளீச்சிங் பவுடரைச் சிறுநீர்மேல் நேரடியாகப் போட்டால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு கிளம்பும். ப்ளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் இன்னும் மோசம், குளோரின் வாயுவே வரும்.

முத்து விஷயத்தில் நான் தவறவிட்டது சுவரை. கால் தூக்கிய இடத்தைத் துடைத்தேன், ஆனால் அது வழிந்து இறங்கி, சுவரும் தரையும் சேரும் ஸ்கர்ட்டிங் டைல் இடுக்குக்குள் போயிருந்தது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒரு புற ஊதா டார்ச்சை அடித்துப் பார்த்தபோது, கட்டில் காலின் பின்பக்கத்திலிருந்து இடுக்கு நெடுக மங்கலான மஞ்சள் கோடு. பத்து நாளாக நான் கழுவியதெல்லாம் முன்பக்கம் மட்டும்தான். கட்டிலை நகர்த்தி, இரண்டு அடி உயரத்திலிருந்து கீழே இடுக்கு வரை நனைத்த பிறகுதான் அந்த மூலை அடங்கியது. சலவைத்தூள் பட்ட இடமும் அந்த டார்ச்சில் மின்னும். மின்னுவதையெல்லாம் சிறுநீர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், முகர்ந்து பாருங்கள்.

கையுறை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயின் சிறுநீர் வழியாகவும் பரவும், வெட்டுக்காயம் வழியாக உடம்புக்குள் நுழையும். காப்பகத்திலிருந்து வந்தவனுக்கு லெப்டோ தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். வருடம்தோறும் போட வேண்டும்.

அறிகுறி: வெளியிலிருந்து வந்த பொருள்மேல் மட்டும்

காலண்டர் தாள் எனக்குக் காட்டிக்கொடுத்தது இதைத்தான். இரண்டாவது வாரம் எல்லாம் ஓரளவு அடங்கியிருந்தது. திடீரென்று ஒரு செவ்வாய்க்கிழமை, சமையலறையில் புது சிலிண்டர்மேல். தாளைப் புரட்டினால், முதல் வாரத்திலும் தண்ணீர் கேன் மாற்றிய நாள்களில் எல்லாம் கேன்மேல். சிலிண்டரும் கேனும் எத்தனை தெருவில், எத்தனை வாசலில் நின்றுவிட்டு வருகின்றன! அவற்றின் அடி விளிம்பில் எத்தனையோ நாய்கள் எழுதிவைத்துப் போயிருக்கும். முத்து அதன்மேல் தன் கையெழுத்தைப் போட்டான், அவ்வளவுதான்.

அடுத்த முறை சிலிண்டர் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, அடி வளையத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்த பிறகே உள்ளே எடுத்தோம். கேனுக்கும் அதேதான். விருந்தாளிகளின் பை, செருப்பு, ஹெல்மெட் எல்லாம் தரையில் வேண்டாம், உயரத்தில் வையுங்கள். வேறு நாய் இருக்கும் வீட்டிலிருந்து வருபவர் என்றால் கட்டாயம். புதுச் சோஃபா, பழைய பீரோ, குழந்தையின் தொட்டில் எது வந்தாலும், அவன் லீஷில் இருக்கும்போது முகர விடுங்கள், பாராட்டுங்கள், நகர்த்திக் கூட்டிவந்துவிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி, தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் முதல் நாளே மறைத்துவிடுங்கள். அங்கே நனைந்தால் அவனுக்கே ஷாக் அடிக்கும்.

அறிகுறி: ஜன்னல், பால்கனி, கேட் ஓரம்

தெரு நாய்களைப் பார்த்துவிட்டு வந்து தூக்குகிறான். கிரில்லின் கீழ்ப்பாதியை அட்டையாலோ ஒட்டும் ஃபிலிமாலோ மறையுங்கள். தெருவில் பெண் நாய் பருவத்துக்கு வந்திருக்கும் வாரங்களில் இது பல மடங்கு கூடும், சாப்பாடுகூட இறங்காது. அந்த வாரங்களில் மறுபடி இடுப்பு லீஷுக்குப் போய்விடுங்கள். அடுக்குமாடியில் லிஃப்ட் மூலை ஒரு கண்டம். எல்லா வீட்டு நாயும் அங்கே முகர்ந்துவிட்டுத்தான் போகும். ஏறும் முன்பே ஒரு பிஸ்கட்டை மூக்குக்கு நேரே பிடித்து, உங்கள் முகத்தைப் பார்த்தபடியே இறங்கப் பழக்குங்கள்.

அறிகுறி: அரைமணி நேரம் வெளியே சுற்றிவிட்டு, உள்ளே வந்ததும் தூக்குகிறான்

நடையின் வேகத்தைப் பாருங்கள். நாம் நடக்க வேண்டும் என்று இழுத்துக்கொண்டே போனால் அவன் முகரவில்லை, முகராததால் தன் வேலையும் முடியவில்லை. பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று முகர விடுங்கள். காம்பவுண்டுக்குள் இடம் இருந்தால் ஒரு வேப்பமரத்தையோ பெரிய கல்லையோ அவனுக்கென்று விட்டுக்கொடுங்கள். தினமும் முதலில் அங்கே, அப்புறம்தான் நடை.

அறிகுறி: நம்மைக் கண்டதும், அல்லது ஆள் இல்லாதபோது மட்டும்

நாம் வீட்டுக்குள் நுழைந்ததும் உடம்பைத் தாழ்த்தி, காதை மடக்கி, வாலைக் குழைத்துக் கொஞ்சம் விட்டுவிடுகிறான் என்றால் அது பயமும் பாசமும் கலந்தது. திட்டினால் கூடும். குனிந்து கொஞ்சாமல், பேசாமல், நேரே வெளியே கூட்டிப்போய்விடுங்கள். சில வாரத்தில் தானே குறையும்.

தனியாக விடும்போது மட்டும் என்றால் ஒரு போனில் வீடியோ ஓடவிட்டுப் போங்கள். நீங்கள் கிளம்பிய அரைமணிக்குள் ஊளையிட்டு, எச்சில் ஒழுக, கதவைப் பிறாண்டி, நடுவில் ஈரமும் செய்கிறான் என்றால், அது தனிமைப் பயம். ஏற்கெனவே கைவிடப்பட்டவனுக்கு இது வருவதில் ஆச்சரியமில்லை. இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று வெளியே போய்த் திரும்பி வந்து பழக்க வேண்டும். கடுமையாக இருந்தால் மருத்துவர் ஃபுளூயாக்செடின் போன்ற மருந்தை எழுதித்தருவார். தயங்க வேண்டாம், அது அவனுக்கு நிம்மதி. தீபாவளி வெடிச் சத்தத்தில் நடுங்கி நனைப்பதும் பயம்தான். அன்று அவன் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், வேறு எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

கருத்தடை செய்தால் நிற்குமா?

பலருக்குக் குறையும், சிலருக்கு நிற்கும், எல்லோருக்கும் அல்ல. 2 வயதைத் தாண்டிய 57 ஆண் நாய்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வு ஒன்று 1997-இல் வெளிவந்தது. மார்க்கிங், பிற நாய்கள்மேலோ ஆட்கள்மேலோ ஏறுதல், ஊர் சுற்றுதல் ஆகிய மூன்றிலும் 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட நாய்களிடம் பழக்கம் பாதியாகவோ அதற்குக் கீழாகவோ குறைந்தது. 25 முதல் 40 சதவீத நாய்களிடம் ஏறக்குறைய முழுவதும் நின்றது. முக்கியமான விஷயம், அறுவையின்போது வயது என்ன, பழக்கம் எத்தனை நாளாக இருந்தது என்பதெல்லாம் பலனை மாற்றவில்லை. "வயசாயிடுச்சு, இனிமே பண்ணி என்ன பிரயோஜனம்" என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அறுவைக்கு மறுநாளே மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். ஹார்மோன் சீக்கிரம் இறங்கினாலும் பழக்கம் தேய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதற்குள் கழுவுவதையும் லீஷையும் விடக்கூடாது. நாட்டு நாயின் காது ஓரத்தில் வெட்டு அடையாளம் இருந்தால், கருத்தடைத் திட்டத்தில் ஏற்கெனவே செய்திருக்கிறார்கள் என்று பொருள். முத்துவுக்கும் இருந்தது. ஆகவே அவனுக்குப் பலன் தந்தது மற்ற எல்லாமும்தான்.

ஆறு வாரம் செய்தும் குறையவில்லை

தாள்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஒரு நாளைக்கு எட்டு முறை இருந்தது மூன்றாகியிருந்தால் வழி சரிதான், தொடருங்கள். ஒன்றுமே மாறவில்லை என்றால் மருத்துவரிடம் சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் மூன்றையும் கேளுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அந்தத் தாள்களையும் எடுத்துப்போங்கள்.

நின்ற பிறகும் ஒருநாள் திரும்ப வரலாம். எங்கள் வீட்டில் ஐந்தாவது மாதம், பொங்கலுக்கு வெள்ளையடித்த மறுநாள், பழைய வாசனை எல்லாம் போன சுவரில் முத்து கால் தூக்கினான். அன்றே லீஷை மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டேன். நான்காம் நாள் கழற்றினேன்.